கோயில் வாசலில் ஓடும் எழுத்து வேண்டுமா?

கேள்வி: எங்கள் பங்கு பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கரையில் இருக்கிறது. கோயில் வாசலில் பெரிய டிஜிற்றல் பலகை ஒன்று போட வேண்டும் என்று இளையோர் கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் தகப்பனின் நினைவாக முழுச் செலவையும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. எட்டடிக்கு நாலடி, எல்லா நிறமும் வரும் என்கிறார் கடைக்காரர். மூத்தவர்கள் சிலர், "இது கோயிலா, புடவைக்கடையா?" என்று கேட்கிறார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் வசிக்கும் ஓர் அம்மா, இரவில் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தால் தனக்கு நித்திரை வராது என்று சொல்லி அழுதுவிட்டார். மூன்று கூட்டம் கூடியும் முடிவில்லை. பாதர் எங்களையே கதைத்து ஒரு முடிவுக்கு வரச் சொல்லிவிட்டார். நான் அருட்பணிச்சபையின் செயலாளர். எந்தப் பக்கமும் சாயாத ஒருவரின் பதில் வேண்டும், ஐயா. அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். பலகை பூட்டுவதும் அதற்கு மின்னிணைப்புக் கொடுப்பதும் என் தொழில். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பல இடங்களில் இந்த வேலை செய்திருக்கிறேன். அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் எழுத என்னால் முடியாது. கண்டதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொன்ன அந்த முழுநிறத் திரையை வாங்காதீர்கள். ஒரே நிறத்தில், அதில் பாதி உயரத்தில், மங்கலாக எரியக்கூடிய பலகை ஒன்று உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் அதையும் இப்போது வாங்க வேண்டாம். முதலில் மூன்று மாதம் ஒரு கரும்பலகை வைத்துப் பாருங்கள்.

ஏன் கரும்பலகை என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலுக்கு இப்படியொரு பலகை பூட்டிக் கொடுத்தேன். எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. மார்கழியில் திறந்தார்கள். நல்ல சனம், பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், எனக்கும் மனம் நிறைந்திருந்தது. பிறகு பெரிய வெள்ளிக்கிழமை அன்று அந்த வழியால் போனேன். உள்ளே சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. வாசலில் 'கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துக்கள்' என்று பச்சையும் சிவப்புமாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் விசாரித்தேன். பலகையை இயக்கத் தெரிந்த பெடியன் தை மாதமே கட்டாருக்குப் போய்விட்டான். செயலி அவனுடைய போனில் இருந்தது. கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் நாலு மாதமாக அந்த வாழ்த்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய் வந்திருக்கிறார்கள். நானே ஏணி வைத்து ஏறி இணைப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். அன்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. எத்தனை அடி, எத்தனை நிறம், எங்கே தூண் என்றெல்லாம் கேட்ட நான், யார் எழுதப்போகிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்திலும் அது இல்லை. மூன்று கூட்டத்திலும் யாராவது கேட்டார்களா? அளவு இருக்கிறது, நிறம் இருக்கிறது, காசு தருபவர் இருக்கிறார். அதில் என்ன எழுதுவது, யார் எழுதுவது என்பது மட்டும் இல்லை.

ஆகவே வீதியிலிருந்து தெரியும்படி வாசலில் ஒரு நாலடிக் கரும்பலகையை நிறுத்துங்கள். மழை படாமல் மேலே சின்னத் தகரக் கூரை, அதன் கீழே ஒரு 10 வோட் எல்.ஈ.டி. பல்பு. தொண்ணூறு நாள், ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று எழுத வேண்டும். இளையோர் ஒருவர், மூத்தவர் ஒருவர் என்று சோடி சோடியாக முறை வையுங்கள். எழுதியதை ஒரு கொப்பியிலும் திகதி போட்டுப் பதியுங்கள்.

எழுத எவ்வளவோ இருக்கிறது. திருப்பலி நேரம், நவநாள், கொடியேற்றம் இவை எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்கு அப்பால் யோசியுங்கள். சாதாரண தரப் பரீட்சை தொடங்கும் காலையில், எழுதப்போகும் பிள்ளைகளுக்காகச் செபிக்கிறோம் என்று ஒரு வரி. ஊரில் யாராவது மோசம் போய்விட்டால், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், பெயரும் அடக்கத்தின் நேரமும். இரத்ததான முகாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உங்கள் வாசலைக் கடந்து எத்தனையோ பேர் போவார்கள். அந்த வெயிலில் 'உள்ளே குடிதண்ணீர் உண்டு, வாருங்கள்' என்று ஒரு கோயில் எழுதிவைத்தால் அதைவிட நல்ல வசனம் எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறாம் நாள் அந்தக் கொப்பியைக் கூட்டத்தில் விரித்து வையுங்கள். அறுபது நாள் ஒரே திருப்பலி நேரம்தான் இருக்கிறது என்றால் உங்களுக்குத் தேவை எனாமலில் வடிவாக எழுதிய ஒரு நிரந்தரப் பலகையும் அதன்மேல் இரண்டு பல்பும். அது குறைவான காரியம் அல்ல. கைதேர்ந்த ஒருவர் எழுதிய பலகை பத்து வருடம் நிற்கும். நாளுக்கு நாள் வேறு வேறு செய்தி இருந்து, மறுநாள் மாற்ற ஆளும் இருந்தால், மின்பலகையைப் பற்றி அப்போது கதைக்கலாம். இளையோருக்கு இது ஒரு சாக்குப்போக்காகப் படக்கூடும். அப்படி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் மூன்று மாதம் எழுதிக் காட்டினால் அவர்களுக்காக நானே வந்து கூட்டத்தில் கதைப்பேன்.

சரி, இப்போது அந்த அம்மாவின் விஷயம். அவர் அழுததை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

பரா லைட் என்றால் என்ன என்று இப்போது இருபது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. குடையில் தொங்கியபடி வானத்திலிருந்து மெல்ல இறங்கும் வெள்ளை வெளிச்சம். அது ஆடினால் நிலத்தில் இருக்கும் எல்லா நிழலும் ஆடும். அதன் பிறகு என்ன வரும் என்று தெரியாமல் பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் கிழக்கே நகர்ந்ததும் உங்கள் வாசலால் போகும் இதே வீதியால்தான். அந்த அம்மா எதை நினைத்து அழுதார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தேவையில்லை. இரவில் சுவரில் வெளிச்சம் விட்டுவிட்டு விழுவது அவருக்குத் தாங்காது என்று அவரே சொல்லிவிட்டார். அந்தச் சொல் போதும். "பழகிவிடும் அம்மா" என்று மட்டும் கூட்டத்தில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறையாகவும் அவர் சொன்னது சரி. வெளியில் வைக்கும் எல்.ஈ.டி. திரை மதிய வெயிலோடு போட்டி போட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. பகலில் அதற்குச் சதுர மீற்றருக்கு 5000 கண்டெலா அளவில் பிரகாசம் தேவை. அதே பிரகாசத்தில் இரவிலும் விட்டால், வீதி விளக்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஊரில், அது எதிர்வீட்டுச் சுவரில் அடிக்கும் வெளிச்சவிளக்காகிவிடும். இரவில் பகலின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்க வேண்டும். நல்ல பலகைகளில் வெளிச்சத்தை உணர்ந்து தானே இறக்கும் சின்னக் கருவி வரும். மலிவானதில் அது இருக்காது, அல்லது இருந்தும் பூட்டாமல் விட்டுவிடுவார்கள். பின்னணி எப்போதும் கறுப்பு, எழுத்து மட்டும் ஒளி என்று இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் போட்டால் முழுத்திரையும் எரிகிறது என்று அர்த்தம். மின்னுவது, சுழல்வது, வெட்டி வெட்டி மாறுவது எதுவும் வேண்டாம். இரவு எட்டரைக்கு நேரச்சுவிச் தானாக அணைத்துவிட வேண்டும். யாரோ ஒருவருடைய ஞாபகத்தை நம்பி விடக்கூடாது.

நிறமும் முக்கியம். மஞ்சள்–செம்மஞ்சள் ஒளி இரவில் கண்ணைக் குத்தாது. அதோடு பூச்சிகள் நீல, வெள்ளை ஒளிக்கு வருவதுபோல் மஞ்சளுக்கு வருவதில்லை. வன்னியில் ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவு ஈசல் எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் அது குவிந்தால் காலையில் சுளகால் அள்ள வேண்டியிருக்கும். ஈசலைத் தேடிப் பல்லி வரும். பல்லி பெட்டிக்குள் புகுந்து மின்வழங்கியில் குறுக்கே விழும். நான் திருத்தப்போன பலகைகளில் பல, பல்லியாலும் எறும்பாலும்தான் நின்றுபோயிருந்தன.

மூத்தவர்கள் "புடவைக்கடையா" என்று கேட்டதையும் இளையோர் தவறாக எடுக்கக்கூடாது. அவர்கள் வெளிச்சத்துக்கு எதிரிகள் அல்ல. 90களில் கரண்ட் என்பதே இல்லாத வன்னியில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்கள். ஒரு வெளிச்சத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. கிளிநொச்சி நகரில் இரண்டு பக்கமும் ஓடும் எழுத்துகள் எல்லாம் எதையோ விற்பதற்காக ஓடுகின்றன. அதே உருவம் கோயில் வாசலில் வந்தால் பார்க்கிறவன் மனதில் கடைதான் வரும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம். அசையாமல், ஒரே நிறத்தில், கறுப்பில் அமைதியாக எரியும் எழுத்தைப் பார்த்து யாரும் கடை என்று நினைக்க மாட்டார்கள்.

இளையோர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பொழுது பட்டதும் தங்கள் கோயில் மட்டும் இருட்டில் ஒதுங்கி நிற்பது அவர்களுக்குக் கவலையாக இருக்கிறது. தங்கள் கோயில் ஊரோடு பேச வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவது எத்தனை பங்குகளுக்குக் கிடைக்கிறது? அந்த ஆசையைக் கொஞ்சமும் குறைத்துவிடாதீர்கள்.

அடுத்து, வீதி. இதை விளங்கிக்கொண்டால் எழுத்து ஓட வேண்டுமா என்ற வாக்குவாதம் தானாக முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வாகனம் விநாடிக்கு 16, 17 மீற்றர் ஓடுகிறது. ஓர் அடி உயரமான எழுத்தை 100 மீற்றரில் வாசிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் ஒரு கணக்கு. ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இடம் பிடித்துவிடுவதால் நடு எழுத்து சிறுத்துப்போகும். நான் 60 மீற்றர் என்றுதான் கணக்குப் போடுவேன். அப்படியென்றால் சாரதிக்குக் கிடைப்பது மூன்றரை விநாடி. அதற்குள் 'ஞாயிறு திருப்பலி, காலை 6.30' என்பதை வாசிக்கலாம். அதற்கு மேல் முடியாது. எழுத்து ஓடினால், முதல் சொல் போய்விட்டதே என்று அடுத்த சொல்லுக்காகக் கண்ணை அங்கேயே வைத்திருப்பார். இரவில் நம் வீதிகளில் தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். பிரகாசமான திரையைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக விநாடிகள் எடுக்கும். அந்த இடைவெளியில் மோட்டார்சைக்கிளில் வரும் பெடியனை நினைத்துப் பாருங்கள். ஆகவே எழுத்து ஓடவே கூடாது. ஒரு செய்தி குறைந்தது பத்து நிமிடமாவது அப்படியே நிற்கட்டும்.

நின்று வாசிக்கிறவர்கள் வேறு. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், தண்ணீர் குடிக்க நிற்பவர்கள். அவர்களுக்கு மின்பலகையைவிடப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகை வசதி. மூன்று மொழியும் வேண்டுமா என்று உங்கள் கூட்டத்தில் நிச்சயம் வரும். கோயிலின் பெயரை மூன்று மொழியிலும் நிரந்தரமாக எழுதி வையுங்கள். மாறும் செய்தி தமிழில் இருக்கட்டும்.

தமிழ் என்றதும் இன்னொன்று. கடைக்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் சொல்லும் அளவில், 10 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி என்ற வகைப் பலகை 32 சென்ரிமீற்றருக்கு 16 சென்ரிமீற்றர் துண்டுகளைச் சேர்த்துச் செய்யப்படும். ஒரு துண்டின் உயரத்தில் 16 புள்ளிகள்தான். ஆங்கில எழுத்து அதில் தாராளமாக நிற்கும். தமிழ் நிற்காது. 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும், மெய்யின் புள்ளி விழுந்துவிடும். எனக்குத் திருப்தியான தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 24 புள்ளி உயரம் வேண்டும், 30 இருந்தால் நல்லது. இன்னும் மோசமானது, பலகையை இயக்கும் சில கட்டுப்பாட்டு அட்டைகளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'இயேசு' என்று தட்டினால் 'ய' தனியாகவும் கொம்பு தனியாகவும் உடைந்து தெரிவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கோயில் வாசலில் ஆண்டவரின் பெயரே உடைந்து நிற்பதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஆகவே காசு கொடுக்கும் முன் கடைக்குப் போய், 'இயேசுவின் திரு இருதயப் பெருநாள் கொடியேற்றம்' என்று உங்கள் கண்முன்னால் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். சரியாக வராவிட்டால், வசனத்தைப் போனிலோ கணினியிலோ படமாகச் செய்து அனுப்பலாம், அப்போது உடையாது. அந்த வேலையை இரண்டு மூன்று பேருக்காவது பழக்க வேண்டும். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றி, ஒரு தாளில் எழுதி, பங்கு அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். மாற்றாமல் விட்டால் வீதியில் நிற்கும் யாரும் தன் போனால் உங்கள் வாசலில் எதையும் எழுதலாம்.

கரண்ட் பில்லைப் பற்றி நன்கொடையாளர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. எட்டடிக்கு நாலடி முழுநிறத் திரை ஏறத்தாழ 3 சதுர மீற்றர். முழுவதும் வெள்ளையாக எரிந்தால் இரண்டரை கிலோவோட் அளவில் இழுக்கும். சராசரியாக 800 வோட் என்று வைத்து, ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரித்தால் 11 யுனிற். மாதத்துக்கு 330 யுனிற்றுக்கு மேல். அதே அகலத்தில், பாதி உயரத்தில், கறுப்பில் எழுத்து மட்டும் எரியும் ஒருநிறப் பலகை 130 வோட் அளவில் நிற்கும். மாலை மூன்றரையிலிருந்து எட்டரை வரை எரித்தால் மாதம் 20 யுனிற். எனாமலில் எழுதிய பலகைக்கு மேல் இரண்டு 10 வோட் பல்பு என்றால் மாதம் 3 யுனிற். 2022 ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 மாசியில் இன்னும் 66 வீதமும் ஏறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு குறைந்தும் இருக்கிறது, கூடியும் இருக்கிறது. அந்தப் பில்லைக் கட்டப்போவது கனடா அல்ல, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை. மதத்தலங்களுக்கென்று தனி மின்கட்டண வகை உண்டு. உங்கள் மீற்றர் அந்த வகையில்தான் பதிவாகியிருக்கிறதா என்று பில்லை எடுத்து ஒருமுறை பாருங்கள். பலகை போட்டாலும் போடாவிட்டாலும் இது உதவும்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த செய்தி சரியாகத் தெரியாமல் சனம் பட்ட அந்தரம் பெரியது. அப்படியான இரவில், 'கோயில் மண்டபம் திறந்திருக்கிறது' என்ற ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அதே இரவில்தான் கரண்ட் போகும். முழுநிறத் திரையைப் பற்றரியில் இயக்குவது உங்களால் முடியாத காரியம். 130 வோட் பலகையை இயக்கலாம். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றை அரைவாசி வரை இறக்கினால் 600 வோட்-மணி கிடைக்கும். இரவில் பிரகாசத்தை இறக்கி வைத்திருப்பதால் ஐந்து மணித்தியாலத்துக்கு அது தாராளம். நான் சிறிய பலகையைச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். தேவைப்படும் நாளில் அது எரிய வேண்டும்.

காற்றையும் இடியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றில், நீங்கள் கேட்ட பெரிய பலகையை ஏறத்தாழ 190 கிலோ பாரம் தள்ளுவதுபோல் காற்றுத் தள்ளும், அதுவும் தூணின் உச்சியில். அத்திவாரத்தைக் கடைக்காரரின் ஆளிடம் விடாமல் கட்டட வேலை தெரிந்த ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் கூட. நல்ல புவித்தொடுப்பும், மின்னல் அதிர்வைத் தாங்கும் பாதுகாப்புக் கருவியும், பலகைக்கென்று தனி ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். பலகைத் தூணைப் பிள்ளைகள் தொடுவார்கள். மின்வழங்கிகளின் ஆயுள் பெட்டிக்குள் ஏறும் சூட்டைப் பொறுத்தது. பத்துப் பாகை கூடினால் அவற்றிலுள்ள கொள்ளளவிகளின் ஆயுள் அரைவாசியாகும். பெட்டியின் முகத்தை மேற்கு வெயிலுக்குக் காட்டாதீர்கள். மேலதிகத் துண்டுகள் நாலைந்தை முதலிலேயே சேர்த்து வாங்குங்கள், பிறகு வாங்கினால் நிறம் ஒத்துவராது. அது ஏ தர வீதி என்பதால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், பிரதேச சபையிடமும் தூண் நடும் முன் எழுத்தில் கேளுங்கள்.

கனடாக் குடும்பத்துக்கு என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையான சங்கடம் என்று நினைக்கிறேன். அவர்கள் தகப்பனின் நினைவாகத் தருகிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் முடியாது, அவர்கள் சொன்னபடியே வாங்கவும் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பெரிய திரைக்கு ஆகும் காசில் ஒரு பகுதியில் சிறிய பலகையும் பற்றரியும் வந்துவிடும். மிச்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில் கரண்ட் பில்லும் திருத்தவேலையும் பார்க்கலாம். தகப்பனின் பெயர் மின்னெழுத்தில் வேண்டாம். ஒரு நாள் பழுதானால் அந்தப் பெயர் அணைந்துபோய்க் கிடக்கும், பார்க்கிற பிள்ளைகளின் மனம் நோகும். தூணின் அடியில் ஒரு கருங்கல்லில் வெட்டி வைக்கலாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கரும்பலகைக் கொப்பியின் முதல் மாதத்துப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். ஊரில் யாருடைய பரீட்சை, யாருடைய மரணம், எந்த நாளில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று அங்கே இருந்து வாசிக்கும்போது, தங்கள் காசு எங்கே போகப்போகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

கூட்டத்துக்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இளையோரில் இருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். பலகையைப் பற்றிப் பேச்செடுக்காமல் விறாந்தையில் கொஞ்சநேரம் அவரோடு இருந்து கதையுங்கள். அவர் எந்த அறையில் படுக்கிறார், யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஒரு பெடியனைக் கோயில் வாசலில் நீங்கள் தூண் நடவிருக்கும் இடத்தில் ரோர்ச்சோடு நிற்கச் சொல்லி, அந்த ஒளி யன்னலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தூணை வேறு பக்கம் மாற்றுங்கள், அல்லது பலகையின் முகத்தைத் திருப்புங்கள். எங்கே நட்டாலும் வருகிறது என்றால் கரும்பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.